6-3, 7-2: திலகரைச் சிறைக்கு அனுப்பிய இரண்டு ஜூரிகள்

1908 ஜூலை 22. இரவு 8 மணி ஆகியும் பம்பாய் ஹைகோர்ட்டில் கூட்டம் கலையவில்லை. நீதிபதி தின்ஷா தாவர் தன் விளக்கவுரையை முடித்ததும் ஒன்பது பேர் எழுந்து தனி அறைக்குள் போனார்கள். கூண்டில் காத்திருந்தவர் ‘கேசரி’ இதழின் ஆசிரியர் பால கங்காதர திலகர். விடிந்தால் அவருக்குப் பிறந்த நாள். 52 வயது நிறைகிறது.

வக்கீல் வைக்காமல் தனக்காகத் தானே வாதாடிய திலகர், அந்த ஒன்பது பேரைப் பார்த்து மொத்தம் 21 மணி 10 நிமிடம் பேசியிருந்தார். அவர்கள் முடிவெடுக்க எடுத்துக்கொண்ட நேரம் சுமார் ஒன்றேகால் மணி. திரும்பி வந்தபோது ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள்.

திலகருக்கு இது புதுசு இல்லை. 11 வருஷத்துக்கு முன்னால், 1897-ல், இதே ஹைகோர்ட்டில், இதே ராஜத்துரோகப் பிரிவில், இன்னொரு ஒன்பது பேர் அவரைக் குற்றவாளி என்றார்கள். அப்போது ஆறுக்கு மூன்று.

விநாயகர் சதுர்த்தி ஊர்வலம், சிவாஜி விழா, சுயராஜ்ய முழக்கம், மாண்டலே சிறை. திலகர் என்றதும் பள்ளிப் பாடத்திலிருந்து ஞாபகம் வருவது இவைதான். அவரை இரண்டு முறை சிறைக்கு அனுப்பியது நீதிபதி மட்டுமல்ல, பம்பாய் நகரத்தில் தொழிலும் வியாபாரமும் செய்துகொண்டிருந்த சாதாரண மனிதர்கள் 18 பேர் கொண்ட இரண்டு குழுக்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு ஜூரி எப்படி முடிவுக்கு வருகிறது என்று புரிந்துகொள்ள இந்த இரண்டு வழக்குகளைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

ஜூரி என்றால் யார்?

கொலையோ கொள்ளையோ ராஜத்துரோகமோ, அந்தக் காலத்தில் ஹைகோர்ட்டில் நேரடியாக நடக்கும் குற்ற வழக்கு எதுவானாலும் ஜூரி உண்டு. எண்ணிக்கை ஒன்பது. சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் இருந்து, சீட்டில் பெயர் வந்தால் வந்து உட்கார வேண்டும். அவர்களில் ஒருவர் தலைவர். வேண்டாம் என்று தோன்றும் சிலரை மறுக்கும் உரிமை அரசுத் தரப்புக்கும் உண்டு, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உண்டு.

வேலைப் பங்கீடு எளிது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிபதி சொல்வார். நடந்தது என்ன, இவர் செய்தாரா, என்ன நோக்கத்தில் செய்தார் என்பதை ஜூரி சொல்ல வேண்டும். சாட்சி விசாரணையும் இரு தரப்பு வாதமும் முடிந்த பிறகு நீதிபதி எல்லாவற்றையும் தொகுத்து ஜூரிக்கு ஒரு விளக்கவுரை சொல்வார். அதைக் கேட்டுவிட்டுத்தான் தனி அறைக்குப் போவார்கள். உள்ளே என்ன பேசினார்கள் என்று வெளியே சொல்ல மாட்டார்கள். காரணமும் சொல்ல வேண்டியதில்லை. குற்றவாளி, குற்றவாளி இல்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் அப்போது 12 பேரும் ஒருமனதாகச் சொன்னால்தான் தீர்ப்பு. இந்தியாவில் விதி வேறு. ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரே பக்கம் இருந்து, அவர்களோடு நீதிபதியும் ஒத்துப்போனால் போதும், அதுவே தீர்ப்பு. ஆறு பேர்கூட ஒரு பக்கம் சேரவில்லை என்றாலோ, பெரும்பான்மையோடு நீதிபதிக்கு உடன்பாடு இல்லை என்றாலோ ஜூரியைக் கலைத்துவிட வேண்டியதுதான்.

திலகருக்கு முன்பே ஒரு ராஜத்துரோக வழக்கு அப்படிக் கலைந்திருக்கிறது. 1891-ல் கல்கத்தாவில் ‘பங்கபாசி’ பத்திரிகை மீது போடப்பட்ட வழக்கு அது. இந்தியாவின் முதல் ராஜத்துரோக வழக்கு என்று சொல்வார்கள். ஜூரி ஒருமனதாக வரவில்லை. தலைமை நீதிபதி கோமர் பெத்தரம் ஜூரியைக் கலைத்தார். பத்திரிகை தரப்பு வருத்தம் தெரிவித்தது, அரசும் வழக்கை விட்டுவிட்டது. ஆக, ராஜத்துரோகம் என்றாலே தண்டனை நிச்சயம் என்ற நிலைமை இல்லை. ஜூரி யார், நீதிபதி என்ன சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

வாத்தியார், வக்கீல், பத்திரிகை ஆசிரியர்

திலகர் 1856-ல் ரத்னகிரியில் பிறந்தவர். கணக்கில் புலி. சட்டமும் படித்தவர். ஆனால் வக்கீல் தொழிலுக்குப் போகவில்லை. நண்பர்களோடு சேர்ந்து 1880-ல் பூனாவில் பள்ளிக்கூடம் தொடங்கினார். அடுத்த வருஷம் மராத்தியில் ‘கேசரி’, ஆங்கிலத்தில் ‘மராட்டா’ என்று இரண்டு பத்திரிகைகள். ஒரு கட்டத்தில் பூனாவில் சட்ட வகுப்பும் நடத்தினார். பின்னாளில் 21 மணி நேரம் சட்டம் பேசியது எங்கிருந்து வந்தது என்றால், பாதி இந்த வகுப்பிலிருந்துதான்.

கோர்ட்டும் அவருக்குப் பழக்கம். கோலாப்பூர் சமஸ்தான விவகாரத்தைப் பற்றி எழுதியதற்காக 1882-லேயே நண்பர் அகர்கரோடு சேர்ந்து நான்கு மாதத் தண்டனை பெற்று, 101 நாள் டோங்ரி சிறையில் இருந்தார்.

1896 கடைசியில் பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியது. பூனாவில் நோய்த் தடுப்புக்குப் பொறுப்பாக வந்தவர் வால்டர் சார்லஸ் ராண்ட். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். சாமி அறை, சமையலறை என்று பார்க்கவில்லை. ஊரே கொதித்தது. ‘கேசரி’யும் கண்டித்து எழுதியது. 1897 ஜூன் 22 இரவு, விக்டோரியா மகாராணியின் வைர விழா விருந்து முடிந்து திரும்பிய ராண்டையும், பின்னால் வந்த லெஃப்டினன்ட் அயர்ஸ்டையும் சபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார், ராண்ட் சில நாள் கழித்து.

அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், ஜூன் 15 ‘கேசரி’யில் இரண்டு விஷயங்கள் வந்திருந்தன. ஒன்று, சிவாஜி திரும்பி வந்து நாட்டின் நிலைமையைப் பார்த்துப் புலம்புவது போன்ற கவிதை. இன்னொன்று, சிவாஜி விழாச் சொற்பொழிவுகளின் சுருக்கம். அஃப்சல்கானை சிவாஜி கொன்றது பாவமா இல்லையா என்று அதில் பேசப்பட்டிருந்தது. போதாதா? ஜூலை 27 இரவு திலகர் கைதானார். அப்போது அவர் பம்பாய் சட்ட சபை உறுப்பினர்.

கொலைக்கும் திலகருக்கும் தொடர்பு என்று குற்றச்சாட்டு இல்லை. எழுத்துதான் குற்றம். ஆனால் பம்பாயில் காலையில் ஆங்கிலப் பத்திரிகை படித்துவிட்டு கோர்ட்டுக்கு வரும் ஒரு வெள்ளைக்கார ஜூரிக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம்?

1897 செப்டம்பர் 8-ல் நீதிபதி ஆர்தர் ஸ்ட்ரேச்சி முன் விசாரணை தொடங்கியது. ஜூரியில் ஆறு ஐரோப்பியர், மூன்று இந்தியர். அந்த மூவரில் இரண்டு பேர் இந்துக்கள், ஒருவர் பார்சி.

எழுதியது மராத்தியில். ஜூரியில் பெரும்பான்மைக்கு மராத்தி தெரியாது. அவர்கள் கையில் இருந்தது அரசு மொழிபெயர்ப்பாளர் கொடுத்த ஆங்கிலம். ஒரு கவிதை எழுதியவரின் நோக்கம் என்ன என்று, அந்தக் கவிதையைப் படிக்கத் தெரியாதவர்கள் முடிவு செய்ய வேண்டும்! பாரதியின் பாட்டை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்து, தமிழே தெரியாத ஆறு பேரிடம் இதில் குற்ற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டால் எப்படி இருக்கும், அது மாதிரி.

அடுத்தது நீதிபதியின் விளக்கவுரை. 124-ஏ பிரிவில் அப்போது இருந்த முக்கியமான வார்த்தை ‘டிஸ்அஃபெக்‌ஷன்’. அரசின் மீது அந்த உணர்வைத் தூண்டுவது குற்றம். அந்த வார்த்தைக்கு ஸ்ட்ரேச்சி சொன்ன விளக்கம் பின்னால் பிரசித்தமாகிவிட்டது. ‘அஃபெக்‌ஷன்’ என்றால் அன்பு. அது இல்லாமல் இருப்பதுதான் ‘டிஸ்அஃபெக்‌ஷன்’ என்றார். வெறுப்பு, பகை, கசப்பு என்று அரசின் மீதுள்ள எந்த மோசமான உணர்வும் இதில் அடங்கும், அது எவ்வளவு என்பது முக்கியமில்லை, கலகம் செய்யத் தூண்டியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்பது அவர் ஜூரிக்குச் சொன்ன சட்டம்.

இப்படிச் சொன்ன பிறகு ஜூரிக்கு என்ன வேலை மிச்சம்? அரசை வாழ்த்தி எழுதாத எந்தக் கட்டுரையும் இந்த வலையில் மாட்டும். உண்மையைக் கண்டுபிடிப்பது ஜூரியின் வேலை, சட்டத்தைச் சொல்வது நீதிபதியின் வேலை என்ற கோடு காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடைமுறையில், சட்டத்தை எவ்வளவு அகலமாக விரிக்கிறாரோ அந்த அளவுக்கு நீதிபதியே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறார்.

செப்டம்பர் 14-ல் முடிவு வந்தது. குற்றவாளி என்று ஆறு பேர், இல்லை என்று மூன்று பேர். ஆறு ஐரோப்பியரும் ஒரு பக்கம், மூன்று இந்தியரும் மறு பக்கம் என்றே வரலாற்று நூல்கள் எல்லாம் பதிவு செய்கின்றன. அதே கட்டுரைகளை அச்சிட்ட அச்சகப் பொறுப்பாளரை ஜூரி விடுவித்தது.

ஆறு என்பது சட்டம் கேட்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஆறு பேரில் ஒரே ஒருவர் மனம் மாறியிருந்தால், அன்றைக்குத் திலகருக்குத் தண்டனை இல்லை. ஜூரி கலைந்திருக்கும். பங்கபாசி வழக்கு போல அரசு பின்வாங்கியிருக்கலாம், அல்லது மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். 18 மாதக் கடுங்காவல் ஒரு மனிதரின் தலையசைப்பில் இருந்தது.

லண்டன் பிரிவி கவுன்சிலில் அப்பீல் அனுமதி கேட்டார்கள். திலகருக்காக வாதாடியவர் பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான ஆஸ்க்வித். பலனில்லை. வேத ஆராய்ச்சியாளர் மாக்ஸ் முல்லர் உள்ளிட்டவர்கள் கருணை கேட்டு மனு போட்டார்கள். உடல் இளைத்துப்போன திலகர் 1898 செப்டம்பரில், முழுத் தண்டனைக்கு ஆறு மாதம் முன்பே விடுதலையானார். இதற்கிடையில் அரசு 124-ஏ பிரிவைத் திருத்திவிட்டது. வெறுப்பு, அவமதிப்பு என்ற வார்த்தைகளும் சேர்ந்தன. ஸ்ட்ரேச்சி வாயால் சொன்னதில் நிறைய இப்போது சட்டப் புத்தகத்திலேயே ஏறிவிட்டது.

ஜாமீன் வாங்கிக் கொடுத்தவரே நீதிபதியாக

1897 கைதின்போது திலகருக்கு ஜாமீன் கொடுத்தவர் நீதிபதி பத்ருதீன் தயாப்ஜி. அந்த ஜாமீனுக்காக வாதாடிய பாரிஸ்டர் யார் தெரியுமா? தின்ஷா தாவர். ஆமாம், 1908-ல் நீதிபதியாக உட்கார்ந்தவரேதான்.

1908-ல் பின்னணி இன்னும் சூடு. ஏப்ரல் 30 அன்று முசாஃபர்பூரில் குதிராம் போஸும் பிரஃபுல்ல சாக்கியும் ஒரு நீதிபதிக்குக் குறிவைத்து வீசிய குண்டில் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் இறந்தார்கள். ஆங்கிலப் பத்திரிகைகள் கடுமையான நடவடிக்கை கேட்டு எழுதின. ‘கேசரி’யில் திலகர் குண்டு வீச்சைச் சரி என்று சொல்லவில்லை. ஆனால் இளைஞர்களை இந்த நிலைக்குத் தள்ளியது அரசின் அடக்குமுறைதான், அடக்குமுறையால் இதைத் தீர்க்க முடியாது என்று எழுதினார். மே 12, ஜூன் 9 தேதிக் கட்டுரைகள் இரண்டும் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் ஆயின. ஜூன் 24-ல் கைது.

அதே ஜூலை 7-ல், இங்கே திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். திலகரைத் தலைவராக ஏற்றுக்கொண்டவர் வ.உ.சி. இரண்டு வாரத்தில் தலைவரின் முறை.

திலகருக்கு ஜாமீன் கேட்டு வந்தவர் முகமது அலி ஜின்னா. 1897-ல் தாவர் பேசிய வாதங்கள் அவர் கையில் இருந்தன. நீதிபதி தாவர் மறுத்தார்.

அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. அரசுத் தரப்பு, சாதாரண ஜூரி வேண்டாம், ஸ்பெஷல் ஜூரி வேண்டும் என்று கேட்டது. ஸ்பெஷல் ஜூரிப் பட்டியல் என்பது வசதியும் அந்தஸ்தும் உள்ளவர்களின் பட்டியல். அன்றைய பம்பாயில் அதில் ஐரோப்பியரே அதிகம். திலகரின் நண்பரும் பாரிஸ்டருமான ஜோசஃப் பாப்டிஸ்டா எதிர்த்தார். இது மராத்தி எழுத்து பற்றிய வழக்கு, மராத்தி தெரிந்தவர்கள் ஜூரியில் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தாவர் ஸ்பெஷல் ஜூரிக்கே அனுமதி கொடுத்தார். உட்கார்ந்தவர்கள் ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்சிகள்.

வழக்கு தொடங்கும் முன்பே இது முக்கால்வாசி முடிந்துபோன கதை. ஆறு பேர் போதும், ஏழு ஐரோப்பியர் இருக்கிறார்கள். கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு புரியாமல் இருக்குமா?

21 மணி நேரம் யாரிடம் பேசினார்?

புரிந்தும் பேசினார். 1897-ல் பாரிஸ்டர்கள் பேச, திலகர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை தானே எழுந்தார்.

முதலில் மொழிபெயர்ப்பைப் பிடித்துக்கொண்டார். அரசு மொழிபெயர்ப்பாளரைக் கூண்டில் நிறுத்தி, ஒவ்வொரு மராத்தி வார்த்தையாகக் குறுக்கு விசாரணை செய்தார். இந்த வார்த்தைக்கு மராத்தியில் என்ன பொருள், ஆங்கிலத்தில் நீங்கள் போட்ட வார்த்தை அதைவிடக் கடுமையானதா இல்லையா என்று கேட்டுக்கொண்டே போனார். ஜூரி படிப்பது தன் கட்டுரையை இல்லை, வேறு ஒருவரின் ஆங்கிலத்தை என்று அவர்களுக்கே காட்டுவது நோக்கம்.

பிறகு பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக எடுத்து வைத்தார். ஆங்கிலப் பத்திரிகைகள் என்ன எழுதின, அதற்குப் பதிலாகத் தான் என்ன எழுதினேன் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நடுவில் கிளம்பியிருந்த விவாதத்தில் தானும் ஒரு பக்கம், அவ்வளவுதான் என்பது வாதம். இதில் ஒரு சிக்கல் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் ஆவணங்களைச் சமர்ப்பித்தால், கடைசியாகப் பேசும் உரிமை அரசுத் தரப்புக்குப் போய்விடும். அப்படியே ஆனது. ஜூரி அறைக்குள் போகும் முன் அவர்கள் காதில் விழுந்தவை அட்வகேட் ஜெனரல் பிரான்சனின் பதிலும், அதன் பிறகு தாவரின் விளக்கவுரையும். திலகரின் குரல் அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டது.

திலகர் வீட்டுச் சோதனையில் ஒரு தபால் கார்டு கிடைத்திருந்தது. வெடிபொருள் பற்றிய இரண்டு புத்தகங்களின் பெயர்கள் அதில் இருந்தன. அரசு அதையும் ஜூரி முன் வைத்தது. புதிதாக வந்த வெடிபொருள் சட்டத்தைப் பற்றி எழுதுவதற்காகக் குறித்து வைத்தேன் என்பது திலகரின் விளக்கம். கட்டுரையின் அர்த்தத்தைப் பற்றிய வழக்கில் ஒரு கார்டு என்ன செய்யும்? நிறையச் செய்யும். ஒன்பது பேரும் மறந்தாலும் மறக்காத பொருள் அது. நீண்ட வாதங்களைவிட கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு துண்டுக் காகிதம் மனசில் ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அவர் பேச்சின் மையம் இது எதுவும் இல்லை. இங்கிலாந்தில் பத்திரிகைச் சுதந்திரம் எப்படி வந்தது என்று அந்த ஏழு ஐரோப்பியருக்கும் அவர்களுடைய சரித்திரத்தையே எடுத்துச் சொன்னார். அங்கே ஒரு காலத்தில், இதை அச்சிட்டது இவர்தானா என்பதை மட்டும் ஜூரி சொல்ல வேண்டும், அது ராஜத்துரோகமா இல்லையா என்பதை நீதிபதிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தது. வழக்கறிஞர் எர்ஸ்கின் போன்றவர்கள் அதற்கு எதிராகப் போராடினார்கள். 1792-ல் வந்த ஃபாக்ஸ் சட்டம் முழு முடிவையும் ஜூரி கையில் கொடுத்தது. உங்கள் முன்னோர் சண்டை போட்டு வாங்கிய உரிமையை எனக்காகப் பயன்படுத்துங்கள், நீதிபதி சொல்லும் அர்த்தத்துக்குத் தலையாட்டாதீர்கள் என்பதே அவர் கேட்டதன் சாரம்.

அவர் ஏழு பேரையும் மாற்ற வேண்டியதில்லை. ஏழில் இரண்டு பேர் இந்தப் பக்கம் வந்தால் ஐந்துக்கு நான்கு. ஆறு இல்லை. ஜூரி கலைந்துவிடும். எட்டாத தூரம் என்று சொல்லிவிட முடியாது.

அந்த இரண்டு பேர் வரவில்லை. ஏழு ஐரோப்பியரும் குற்றவாளி என்றும், இரண்டு பார்சிகளும் இல்லை என்றும் சொன்னார்கள் என்பதே அன்று முதல் இன்று வரை எழுதப்பட்டு வருவது. 1897-ன் பிளவு அப்படியே மறுபடியும்.

அந்த ஏழு பேரும் மனசாட்சியை விற்றவர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அது நியாயமாக இருக்காது. தங்கள் இனத்துப் பெண்கள் இரண்டு பேர் குண்டில் செத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தங்களுக்குத் தெரியாத மொழியில், தங்களுக்குத் தெரியாத வாசகர்களுக்காக எழுதப்பட்ட ஒன்று. அதன் ஆங்கிலம் பயமுறுத்துகிறது. சட்டம் இதுதான் என்று நீதிபதியும் சொல்கிறார். ஜூரியில் உட்கார்ந்த மனிதர் சாட்சியத்தை மட்டும் எடைபோடுவதில்லை. வரும்போதே தன் பயத்தையும் கொண்டுவந்து தராசில் வைத்துவிடுகிறார். அதனால்தான் யாரை உட்கார வைப்பது என்பதில் அரசு அவ்வளவு கவனமாக இருந்தது. இரண்டு பார்சிகளும் கேட்டது அதே ஆங்கிலத்தை, அதே விளக்கவுரையை. வேறு முடிவுக்கு வந்தார்கள்.

இன்னொரு கதவு மீதி இருந்தது. பெரும்பான்மையோடு நீதிபதிக்கு உடன்பாடு இல்லையென்றால் தண்டிக்க முடியாது. ஒரு வகையில் நீதிபதிதான் பத்தாவது ஓட்டு. தாவர் ஏழு பேரோடு சேர்ந்தார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது திலகர் சுருக்கமாகப் பேசினார். ஜூரி என்ன சொன்னாலும் தான் குற்றமற்றவன் என்பதும், கோர்ட்டுக்கும் மேலே ஒரு சக்தி உண்டு என்பதும், தான் கஷ்டப்படுவதால் தன் லட்சியம் வளரும் என்றால் அதுவே நடக்கட்டும் என்பதும் அதன் பொருள். ஆறு வருஷம் நாடு கடத்தல், 1000 ரூபாய் அபராதம் என்று தாவர் தீர்ப்புச் சொன்னபோது மணி 10-ஐ நெருங்கியிருந்தது.

வெளியே இன்னொரு ஜூரி

மறுநாளிலிருந்து பம்பாய் மில் தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. ஆறு வருஷத்துக்கு ஆறு நாள் என்று கணக்கு வைத்து வேலைநிறுத்தம். ராணுவம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஐரோப்பாவில் இருந்த லெனின்கூட இந்த வேலைநிறுத்தத்தைக் கவனித்து எழுதினார்.

திலகரை ஸ்பெஷல் ரயிலில் சபர்மதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து செப்டம்பரில் பர்மாவின் மாண்டலே. நாடு கடத்தல் வெறுங்காவலாக மாற்றப்பட்டது. சர்க்கரை நோய், கொளுத்தும் வெயில், மரச் சட்டம் போட்ட அறை. 1912-ல் மனைவி இறந்த செய்தி அங்கேதான் வந்தது. ‘கீதா ரகசியம்’ என்ற பெரிய நூலைப் பென்சிலால் எழுதி முடித்ததும் அங்கேதான். 1914 ஜூன் மாதம் வெளியே வந்தபோது அவருக்கு 58 வயது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அதன் பிறகும் விடவில்லை. 1916 ஜூலை 23, 60-வது பிறந்த நாளன்று, நன்னடத்தைக்கு ஜாமீன் கட்டும்படி நோட்டீஸ் வந்தது. பெல்காமிலும் அகமத்நகரிலும் சுயராஜ்யம் பற்றிப் பேசிய பேச்சுக்காக. 20,000 ரூபாய்க்கு அவரும், தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு பேரும் பொறுப்பேற்க வேண்டும் என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். இதில் ஜூரி கிடையாது. ஹைகோர்ட்டில் நீதிபதிகள் பேட்ச்சலர், ஷா இருவர் முன்னால் மறுபடி ஜின்னா. ஒரு வரி இரண்டு வரி என்று பிய்த்து எடுக்காமல் பேச்சு முழுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, உத்தரவை நீதிபதிகள் ரத்து செய்தார்கள். அதற்கு முன்னால் 1904-ல், தாயி மகராஜ் தத்து வழக்கில் பொய் சாட்சி சொன்னார் என்று வந்த தண்டனையையும் ஹைகோர்ட் நீதிபதிகள்தான் ரத்து செய்திருந்தார்கள்.

விசித்திரமாகத்தான் இருக்கிறது. சாதாரண ஜனங்கள் கையில் நீதி என்று புகழப்படும் முறையில் திலகர் இரண்டு முறையும் தோற்றார். தனி நீதிபதிகள் காரணங்களை எழுதித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் ஜெயித்தார். ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதனால் அந்தக் காரணத்தைத் தப்பு என்று மேலே போய்ச் சொல்லவும் வழியில்லை. 1908 தீர்ப்பை எதிர்த்துப் பிரிவி கவுன்சிலுக்குப் போனதும் அங்கே கதவு திறக்காததும் இதே கதைதான்.

1920 ஆகஸ்ட் 1 அதிகாலை, பம்பாய் சர்தார் கிருஹத்தில் திலகர் இறந்தார். கிர்காம் சௌபாட்டி கடற்கரையில் உடல் எரியூட்டப்பட்டது. 1956-ல், அவருக்குத் தண்டனை சொன்ன அதே ஹைகோர்ட் அறைக்கு வெளியே, அன்றைய தலைமை நீதிபதி சாக்ளா ஒரு கல்வெட்டைத் திறந்து வைத்தார். அன்று இரவு திலகர் சொன்ன அந்தச் சில வரிகள் அதில் இருக்கின்றன.

மூன்று வருஷம் கழித்து, 1959-ல், அதே பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கு. ஜூரி எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றது. சாட்சியத்துக்கு முற்றிலும் பொருந்தாத முடிவு என்று சொல்லி, செஷன்ஸ் நீதிபதி வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை, 1961-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஜூரி முறையை எடுத்துவிடலாம் என்று சட்ட ஆணையம் 1958-லேயே சொல்லியிருந்தது. மாநிலம் மாநிலமாகக் கைவிடப்பட்டு, 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போனது. இன்று இந்தியாவில் அதன் மிச்சம் இருப்பது ஒரே ஓர் இடத்தில்: பார்சிகளின் விவாகரத்து வழக்குகளில், நீதிபதியோடு அந்தச் சமூகத்தைச் சேர்ந்த பிரதிநிதிகளும் உட்கார்ந்து முடிவு சொல்கிறார்கள்.